எல்லா எதிர்காலத்துக்கும் 'வில்' போட்டால் என்ன தப்பு?

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக நடத்தும் இடத்தில் ரிசப்ஷனில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். வெளிநாட்டு விருந்தினருக்கு நீங்கள் எழுதிய வாட்ஸ்அப் செய்தியில் மேலாளர் மூன்று இடங்களைத் திருத்தியிருக்கிறார். 'வென் யூ வில் ரீச் தி ஸ்டேஷன், தி டிரைவர் வில் வெயிட் தேர்' என்பதை 'வென் யூ ரீச் தி ஸ்டேஷன், தி டிரைவர் வில் பி வெயிட்டிங்' என்று மாற்றினார். 'லஞ்ச் வில் ஸ்டார்ட் அட் ஒன் எவ்ரி டே' என்பதில் 'வில்'லை அடித்துவிட்டு 'ஸ்டார்ட்ஸ்' என்று போட்டார். 'டுமாரோ வி வில் டேக் யூ டு ஆத்தங்குடி' என்பதை 'வி ஆர் டேக்கிங் யூ' ஆக்கினார். பள்ளிக்கூடத்தில் எதிர்காலம் என்றால் 'வில்', 'ஷல்' என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் 'வில்' போட்டால் என்ன தப்பு என்று கேட்கிறீர்கள். காலங்களின் அட்டவணை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். எந்த இடத்தில் எதை எடுப்பது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

அந்த மூன்று திருத்தங்களும் ஒரே எடை உள்ளவை அல்ல. 'வென் யூ வில் ரீச்' தெளிவான பிழை, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 'லஞ்ச் வில் ஸ்டார்ட்' என்பதைப் பிழை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் படிப்பவர் மனதில் வேறு பொருள் போய் உட்காரும். ஆத்தங்குடி வாக்கியத்தில் நீங்கள் எழுதியதும் சரிதான். மேலாளர் எழுதியது அந்த இடத்துக்கு இன்னும் பொருத்தம், அவ்வளவுதான். ஆகவே மூன்றையும் ஒரே மாதிரி தப்பு என்று நினைத்து மனதைத் தளரவிட வேண்டாம்.

ஆங்கில வினைச்சொல்லுக்குள்ளேயே காலம் காட்டும் வடிவங்கள் இரண்டுதான்: நிகழ்காலம், இறந்தகாலம். 'கோ', 'வென்ட்'. எதிர்காலத்துக்கு என்று வினைக்குள் உட்காரும் உறுப்பு அங்கே கிடையாது. நமக்கு உண்டு. 'செய்வான்' என்பதில் 'வ்', 'படிப்பான்' என்பதில் 'ப்ப்' அந்த வேலையைச் செய்கின்றன. தொல்காப்பியமே காலம் மூன்று என்று கணக்குச் சொல்லி, இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று பெயரும் கொடுத்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் நிகழ்கால வடிவத்தை வைத்தே எதிர்காலத்தையும் ஓட்டினார்கள். பிறகு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த சொற்களை இதற்கு இழுத்துவந்தார்கள். 'வில்' என்றால் முதலில் விரும்புதல். நம் பத்திரங்களில் எழுதுகிற 'உயில்' இந்த 'வில்'தான். சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிவைக்கும் விருப்பம். 'ஷல்' என்றால் கடன்பட்டிருத்தல். 'கோயிங் டு' என்றால் ஒன்றைச் செய்ய நடந்து போவது. இந்தச் சொற்கள் எதிர்காலத்தைக் காட்டும் வேலைக்கு வந்த பிறகும் பழைய வாசனை முழுதாகப் போகவில்லை. அதனால் ஆங்கிலத்தில் எதிர்காலம் பேசும்போது, 'இது எப்போது நடக்கும்' என்பதோடு, 'இப்போது எதை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறாய்' என்ற கேள்விக்கும் வாக்கியம் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இந்த நொடியில் எடுத்த முடிவா, முன்பே மனதில் இருந்ததா, ஆள் வைத்து ஏற்பாடு செய்துவிட்டதா, அட்டவணையில் அச்சாகிவிட்டதா? பதிலைப் பொறுத்து வடிவம் மாறுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் பக்கம் இருக்கிறது. தமிழர் ஆங்கிலத்தில் தேவையில்லாத 'வில்' எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், முக்கால்வாசி நம் எதிர்கால வடிவத்திலிருந்துதான். தமிழில் அந்த வடிவம் எதிர்காலத்துக்கு மட்டும் வருவதில்லை, வழக்கத்துக்கும் வரும். 'ஆச்சி நாலு மணிக்கே எந்திரிச்சிருவாக' என்றால் நாளைக்கு எழுந்திருக்கப் போவதைச் சொல்லவில்லை, தினமும் அப்படி என்கிறோம். 'கடை 9 மணிக்குத் திறக்கும்', 'தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்', 'சதுர்த்தி அன்னைக்குப் பிள்ளையார்பட்டியில் கூட்டம் இருக்கும்'. எல்லாமே எதிர்கால வடிவம், எல்லாமே வழக்கம். இவற்றை அப்படியே மாற்றினால் 'ஷீ வில் கெட் அப்', 'தி ஷாப் வில் ஓபன்', 'வாட்டர் வில் பாயில்' என்றுதான் வரும். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு உரியது சாதாரண நிகழ்காலம்: 'ஷீ கெட்ஸ் அப்', 'தி ஷாப் ஓபன்ஸ்', 'வாட்டர் பாயில்ஸ்'. 'லஞ்ச் வில் ஸ்டார்ட் அட் ஒன்' என்று படிக்கும் விருந்தினர், இதுவரை வேறு நேரமாக இருந்தது, இனிமேல் ஒரு மணி என்று மாற்றிவிட்டார்கள் போல என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் தங்கும் நாட்களை மட்டும் மனதில் வைத்து 'டியூரிங் யுவர் ஸ்டே, லஞ்ச் வில் பி சர்வ்ட் அட் ஒன்' என்று எழுதியிருந்தால் 'வில்' சரியாகவே பொருந்தியிருக்கும். விடுதியின் அன்றாட வழக்கத்தைச் சொல்லும்போதுதான் அது நெருடுகிறது.

வீட்டைச் சுற்றிக் காட்டும்போது இதே பொறி இன்னும் ஆழமாக இருக்கிறது, அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். தமிழ் எதிர்கால வடிவம் பழைய காலத்து வழக்கத்துக்கும் வரும். வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில், நின்று தூணைத் தொட்டு, 'அந்தக் காலத்தில் தேக்கு பர்மாவிலிருந்து கப்பல்ல வரும்' என்கிறோம். அதை 'தீக் வில் கம் ஃப்ரம் பர்மா' என்று சொன்னால், இன்னும் ஏதோ மரம் வரவேண்டியிருக்கிறது, வேலை முடியவில்லை என்று கேட்பவர் நினைப்பார். 'தீக் கேம் ஃப்ரம் பர்மா' என்று இறந்தகாலத்தில் சொன்னால் போதும். திரும்பத் திரும்ப நடந்தது என்று காட்ட வேண்டுமானால் 'யூஸ்ட் டு கம்'. 'வுட் கம்' என்பதும் செல்லும், ஆனால் காலம் எது என்பது முன் வாக்கியத்திலேயே தெளிவாகியிருக்க வேண்டும். பழகும்வரை 'யூஸ்ட் டு'வைப் பிடித்துக்கொள்ளுங்கள். சோதனை எளிது. தமிழ் வாக்கியத்தில் 'வழக்கமாக' என்ற சொல்லை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் 'வில்' வேண்டாம். 'அந்தக் காலத்தில்' என்பது ஒட்டினால் இறந்தகாலம். இரண்டும் ஒட்டாமல் 'நாளைக்கு', 'அடுத்த வாரம்' மட்டும் ஒட்டினால்தான் எதிர்காலக் கதவையே திறக்க வேண்டும்.

இனி உங்கள் முதல் வாக்கியம். நடக்காத ஒன்றைக் குறிக்கத் தமிழில் 'வந்தால்', 'வந்ததும்', 'வரும்போது' என்று மூன்று வழியிலும் பேசுகிறோம். முதல் இரண்டும் 'வந்தான்' என்பதில் உள்ள அதே இறந்தகால அடியில் எழுந்தவை. நாளைக்கு வரப்போகிறவரைப் பார்த்து 'வந்ததும் சொல்லுங்க' என்கிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. மூன்றாவதில் மட்டும் 'வரும்' இருக்கிறது, அந்த 'உம்'தான் 'வென் யூ வில் கம்' என்று இழுத்துக்கொண்டு போகிறது. ஆங்கில விதி இதில் உறுதியானது. 'வென்', 'இஃப்', 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'அன்டில்', 'அன்லெஸ்', 'ஆஸ் சூன் ஆஸ்' தொடங்கும் பகுதியில் நிகழ்காலம், முதன்மைப் பகுதியில் 'வில்'. 'இஃப் இட் ரெயின்ஸ், வி வில் சர்வ் டின்னர் இன்சைட்'. ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'வில்' போதும், அது எதிர்காலத்தை இரண்டு பகுதிக்கும் சேர்த்துக் காட்டிவிடும்.

ஆனால் இந்த விதியைக் கற்றவர்கள் அடுத்து விழும் குழி ஒன்று உண்டு. கண்ணில் படும் ஒவ்வொரு 'வென்'னுக்குப் பின்னாலும் 'வில்'லைப் பிடுங்கி எறிவார்கள். 'ப்ளீஸ் டெல் அஸ் வென் யூ வில் அரைவ்' என்பது முற்றிலும் சரியான வாக்கியம். 'எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள்' என்பது அதன் பொருள். அதிலிருந்து 'வில்'லை எடுத்து 'ப்ளீஸ் டெல் அஸ் வென் யூ அரைவ்' ஆக்கினால், 'வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள்' என்றும் படிக்கலாம். விருந்தினர் செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கி நின்றுகொண்டு செய்தி அனுப்புவார், உங்கள் டிரைவர் அதற்குப் பிறகுதான் கிளம்புவார். தமிழில் 'எப்போது… என்று' வந்தால் 'வில்' இருக்கலாம், '-போது', '-ததும்', '-தால்' வந்தால் கூடாது. குழப்பமே வேண்டாம் என்றால் 'வாட் டைம் வில் யூ அரைவ்' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். 'இஃப்'புக்கும் ஒரு விலக்கு இருக்கிறது. 'இஃப் யூ வில் ஃபாலோ மி, ஐல் ஷோ யூ தி ரூம்' என்று மரியாதையாகச் சொல்வார்கள். அங்கே 'வில்' தன் பழைய பொருளுக்கே திரும்பிவிடுகிறது, 'உங்களுக்கு விருப்பமிருந்தால்' என்பதுதான் அது. அதை எதிர்காலம் என்று கணக்கில் சேர்க்க வேண்டாம்.

'தி டிரைவர் வில் வெயிட்' ஏன் 'வில் பி வெயிட்டிங்' ஆனது என்பதும் இதோடு சேர்ந்தது. 'வென் யூ ரீச், தி டிரைவர் வில் வெயிட்' என்றால் நீங்கள் வந்து சேர்ந்த பிறகு அவர் காத்திருக்கத் தொடங்குவார் என்று வரிசை அமைந்துவிடுகிறது. 'வில் பி வெயிட்டிங்' என்றால் நீங்கள் இறங்கும் நேரத்தில் அவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பார். ரயிலில் வரும் அயல்நாட்டுக்காரருக்கு இந்த இரண்டாவது செய்திதான் நிம்மதி தரும். இதே வடிவத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, உங்கள் வேலைக்கு அது மிகவும் உதவும். 'வில் யூ ஹேவ் டின்னர் ஹியர்' என்று கேட்டால் சாப்பிடச் சொல்லி அழைப்பது போலவோ, முடிவைச் சொல் என்று நெருக்குவது போலவோ கேட்கலாம். 'வில் யூ பி ஹேவிங் டின்னர் ஹியர்' என்றால் உங்கள் திட்டம் என்ன என்று தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிறோம், எதுவானாலும் எங்களுக்குச் சரி என்ற தொனி வரும். 'ராத்திரி இங்க சாப்பிடுற மாதிரி இருக்கா?' என்று நாம் கேட்பதில் உள்ள இதம் அதில் இருக்கிறது.

'வில்', 'கோயிங் டு', நிகழ்காலத் தொடர்வினை ('ஆர் டேக்கிங்' போன்ற வடிவம்) மூன்றும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரே சம்பவத்தில் பார்க்கலாம். விருந்தினர் வந்து ஃபேன் ஓடவில்லை என்கிறார். அப்போதுதான் உங்களுக்கே தெரிகிறது. 'ஐல் சென்ட் தி எலக்ட்ரிஷியன்' என்பதுதான் அங்கே வர வேண்டிய வாக்கியம், அந்த நொடியில் எடுத்த முடிவு. அதே இடத்தில் 'ஐ ஆம் கோயிங் டு சென்ட் தி எலக்ட்ரிஷியன்' என்றால், இது உங்களுக்கு முன்பே தெரியும், அனுப்ப வேண்டும் என்று நினைத்தும் இன்னும் அனுப்பவில்லை என்று ஆகிவிடும். கால் மணி நேரம் கழித்து, எலக்ட்ரிஷியன் வந்து மோட்டார் எரிந்துவிட்டது என்கிறார். சக ஊழியர் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறார். 'ஐ ஆம் கோயிங் டு சேஞ்ச் தெயர் ரூம்'. முடிவு மனதில் இருக்கிறது, இன்னும் யாரிடமும் பேசவில்லை. பிறகு வேறு அறையைத் துடைத்து, சாவியை எடுத்துவைத்து, விருந்தினரிடமும் சொல்லியாயிற்று. இப்போது 'வி ஆர் மூவிங் தெம் டு தி அப்ஸ்டேர்ஸ் ரூம் அட் சிக்ஸ்'. ஏற்பாடு முடிந்துவிட்டது, இன்னொருவருக்கும் தெரியும். மேலாளர் ஆத்தங்குடி வாக்கியத்தை 'வி ஆர் டேக்கிங்' ஆக்கியது இதனால்தான். வண்டி சொல்லியாகிவிட்டது, அங்குள்ள டைல் பட்டறையிலும் பேசியாகிவிட்டது. நீங்கள் எழுதிய 'வி வில் டேக் யூ' ஒரு வாக்குறுதி போல ஒலிக்கும், அதில் தவறில்லை. ஏற்பாடு உறுதி என்று காட்டுவது மற்றது.

'கோயிங் டு'வுக்கு நம்மிடமே சரியான இணை இருக்கிறது. 'சாப்பிடப் போறேன்', 'மழை வரப் போகுது'. மேகம் கறுத்துவிட்டது, காற்று மாறிவிட்டது, முற்றத்தில் காயும் வற்றலை அள்ளச் சொல்கிறோம். அறிகுறி கண்முன்னே இருக்கிறது. 'இட்ஸ் கோயிங் டு ரெயின்'. அறிகுறி எதுவும் இல்லாமல் அடுத்த மாதம் பற்றிப் பேசினால் 'இட் வில் ரெயின் இன் நவம்பர்' என்று சொல்லலாம். ஆனால் அறிகுறி கண்முன் இல்லாத கணிப்புகளில் இந்த எல்லைக் கோடு மெல்லியது. 'யூ வில் லைக் தி ஹவுஸ்', 'யூ ஆர் கோயிங் டு லைக் தி ஹவுஸ்' இரண்டும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் வாயில் சரளமாக வரும், ஒன்றைப் பிழை என்று திருத்துபவர் விதியை அளவுக்கு மீறி நம்புகிறார். நிகழ்காலத் தொடர்வினையில் மட்டும் கண்டிப்பு உண்டு. மனிதர் செய்யும் ஏற்பாட்டுக்குத்தான் அது வரும். 'இட் இஸ் ரெயினிங் டுமாரோ' என்று சொல்ல முடியாது, மழையோடு யாரும் ஏற்பாடு பேசியிருக்க முடியாதே. அதோடு 'டுமாரோ', 'அட் சிக்ஸ்' போன்ற காலச் சொல் உடன் இருக்க வேண்டும் அல்லது பேச்சிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இப்போதே நடந்துகொண்டிருப்பதாகப் பொருள்படும். ரயில், பஸ், கோயில் நடை, மியூசியம் என்று அட்டவணைப்படி நடப்பவற்றுக்குச் சாதாரண நிகழ்காலமே போதும்: 'தி ட்ரெயின் லீவ்ஸ் காரைக்குடி ஏர்லி டுமாரோ மார்னிங்'.

ஆத்தங்குடி டைல் பட்டறையில் விருந்தினருக்கு விளக்கிச் சொல்வது இவற்றைப் பழக நல்ல இடம், ஏனென்றால் செய்முறையும் கண்முன் நிகழ்வதும் அங்கே மாறி மாறி வரும். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. வண்ணச் சிமென்ட் குழம்பை அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியபின் மேலே சிமென்டும் மணலும் கலந்த தூளைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டுச் சமன் செய்வார்கள். பிறகு காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறும். சூளையில் சுடுவது கிடையாது; முகத்தில் தெரியும் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. நான் இப்போது தமிழில் எழுதியதில் 'ஊற்றுவார்கள்', 'சமன் செய்வார்கள்', 'ஊறும்' என்று வந்ததைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எல்லாமே நிகழ்காலம்: 'ஹி போர்ஸ் தி கலர்ஸ்', 'ஹி லெவல்ஸ் இட்', 'தி டைல் சோக்ஸ் இன் வாட்டர்'. தொழிலாளி அச்சின் விளிம்பில் கை வைத்துவிட்டார் என்றால், அப்போது 'வாட்ச், ஹி இஸ் கோயிங் டு லிஃப்ட் தி மோல்ட்'. குழம்பு கலந்துவிடுமே என்று விருந்தினர் பதறினால் 'டோன்ட் வொரி, தி கலர்ஸ் வோன்ட் மிக்ஸ்'. அங்கே 'வில்'லின் எதிர்மறைதான் சரி, நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள்.

'வோன்ட்' பற்றி ஒரு எச்சரிக்கை. 'தி டிரைவர் வோன்ட் கம்' என்றால் வெறுமனே 'வரமாட்டார்' என்றும் எடுத்துக்கொள்ளலாம், வர மறுக்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். விருப்பம் என்ற பழைய பொருள் எதிர்மறையில் சட்டென்று தலைகாட்டும். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் 'ஹி இஸ் நாட் கம்மிங் டுடே' அல்லது 'ஹி வோன்ட் பி கம்மிங்' என்று சொல்லுங்கள். உயிரில்லாத பொருளுக்கும் அந்த மறுப்பு பொருந்தும். 'கதவு திறக்க மாட்டேங்குது' என்று நாம் சொல்வது வார்த்தைக்கு வார்த்தை 'தி டோர் வோன்ட் ஓபன்' தான். வண்டி கிளம்ப மாட்டேங்குது என்பதும் 'தி கார் வோன்ட் ஸ்டார்ட்'. இரண்டு மொழியும் ஒரே மாதிரி கதவுக்குப் பிடிவாதம் கொடுத்திருப்பது அழகான ஒற்றுமை. பேசும்போது 'ஐ வில்' என்று முழுதாக அழுத்திச் சொல்லாமல் 'ஐல்' என்று சுருக்கிச் சொல்லுங்கள். அழுத்தினால் யாரோ மறுத்ததற்குப் பதில் சொல்வது போல் இருக்கும்.

முடிந்திருக்கும் நிலையைச் சொல்ல 'வில் ஹேவ்'. 'செக்-இன் நேரத்துக்குள் அறையைத் தயார் செய்திருப்போம்' என்பது 'வி வில் ஹேவ் காட் தி ரூம் ரெடி பை செக்-இன் டைம்'. இங்கே பிழை வருவது வினையில் அல்ல, 'பை'யிலும் 'அன்டில்'லிலும்தான். '6 மணிக்குள்' என்றால் 'பை சிக்ஸ்', '6 மணி வரை' என்றால் 'அன்டில் சிக்ஸ்'. '-க்குள்', '-வரை' என்று தமிழில் யோசித்தால் தவறாது. 'இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்' என்று ஊகிப்போமே, அதற்கும் 'ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நௌ' வரும். எதிர்காலம் துளியும் இல்லாத இடத்தில் எதிர்கால வடிவம் ஊகத்தைக் காட்டுவது இரண்டு மொழியிலும் உண்டு. வாசலில் மணி அடித்தால் 'தபால்காரரா இருக்கும்', 'தட் வில் பி தி போஸ்ட்மேன்'.

'ஷல்' பற்றிப் பள்ளியில் சொன்ன விதி, அதாவது 'ஐ', 'வி' வந்தால் 'ஷல்', மற்றவற்றுக்கு 'வில்' என்பது, 1653இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இருக்கிறது. முடிவிலிக் குறியை அறிமுகப்படுத்திய கணிதரும் இவர்தான். இன்றைய பேச்சில் அந்த விதிக்கு உயிர் இல்லை. 'ஐ வில்' என்று தாராளமாக எழுதலாம். 'ஷல்' உயிரோடு இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று, 'ஷல் ஐ கேரி யுவர் பேக்' என்று உதவ முன்வரும் கேள்வி, நம் 'எடுத்துக்கட்டுமா'. இதற்கு 'வில் ஐ கேரி' என்று ஒருபோதும் போடாதீர்கள். மற்றது சட்டமும் ஒப்பந்தமும். அங்கே 'ஷல்' கட்டாயம், நாள் குறிப்பதில்லை. அரசியலமைப்பின் 343ஆவது பிரிவு ஆட்சிமொழி பற்றி 'ஷல் பி' என்கிறது. 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடர்வதற்கு 'மே' என்ற சொல்லைப் போட்டபோது, மாநிலங்களவையில் இருந்த அண்ணா அந்த இடத்தில் 'ஷல்' வேண்டும் என்று வாதாடினார். 'தொடரலாம்', 'தொடர வேண்டும்' இரண்டுக்கும் உள்ள தூரம் அது. உங்கள் விடுதியின் வாடகை ஒப்பந்தத்தில் 'தி கெஸ்ட் ஷல் பே' என்றிருந்தால் 'செலுத்துவார்' என்று மொழிபெயர்க்க வேண்டாம், 'செலுத்த வேண்டும்' என்று எழுதுங்கள். அதே காரணத்துக்காக விருந்தினருக்கான அன்பான செய்தியில் 'யூ ஷல்' வேண்டாம்.

'அபவுட் டு' என்பது இதோ நடக்கும் தறுவாயில் இருப்பது. 'தி ட்ரெயின் இஸ் அபவுட் டு லீவ்' என்றால் ஓட வேண்டும், அதோடு 'இன் டென் மினிட்ஸ்' சேர்க்கக் கூடாது. 'இஸ் டு' செய்தித்தாள் நடை, 'வரவிருக்கிறார்' என்பதற்கு நேர். தலைப்புகளில் அந்த 'இஸ்' கூட விழுந்து 'மினிஸ்டர் டு விசிட் காரைக்குடி' என்று நிற்கும். இவற்றைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும், விருந்தினருக்கு எழுதும்போது உங்களுக்குத் தேவைப்படாது.

கடைசியாக நீங்கள் ஓரமாகக் கேட்டிருந்த இரண்டு விஷயங்கள். விருந்தினர் அழைத்தால் 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லி 'ஐ கேம்' என்று வாயில் வந்துவிடுகிறது என்றீர்கள். அது அறியாமையில் வரும் பிழை இல்லை. இன்னும் கிளம்பாதவன் விரைவு காரணமாக இறந்தகாலத்தில் பேசுவதைத் தொல்காப்பியம் வழக்காகவே ஏற்றுக்கொண்டது. நன்னூலும் 'விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும்' காலம் மாறி வரலாம் என்று இடம் கொடுக்கிறது. ஆங்கிலம் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் 'ஐம் கம்மிங்', போனில் பேசி முடித்துவிட்டு வருவீர்கள் என்றால் 'ஐல் பி வித் யூ இன் எ மினிட்'. மற்றொன்று விடைபெறுவது. 'போயிட்டு வர்றேன்' என்பதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொல்ல வேண்டாம். மாலையில் திரும்ப வேலைக்கு வருவீர்கள் என்றால் 'ஐல் பி பேக் அட் ஃபோர்' என்று நேரத்தோடு சொல்லுங்கள், அவர் அந்த நேரத்தில் உங்களை எதிர்பார்ப்பார். அன்றைய ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் 'சி யூ டுமாரோ'. அவர் மறுநாள் விடியற்காலையிலேயே அறையைக் காலி செய்கிறவர் என்றால் அதுவும் வேண்டாம், 'குட்பை, ஹேவ் எ சேஃப் ஜர்னி'.